ட்ரூடி சொன்ன சம்பளம்

ட்ரூடியை வேலைக்கள்ளி என்று பிளம் ஹார்பர் என்ற அந்தக் கடலோர ஊரில் யாரும் சொன்னதில்லை. சொன்னவள் அவளுடைய நாத்தனார் லுவான் ஒருத்திதான். அதையும் ஒரு தடவை, இரண்டு தடவை என்றா சொன்னாள்? அந்த மே மாதம் முழுக்க, ஹார்லனின் நண்டுக் கொட்டகையில், ஆறு பெண்கள் காது கேட்கச் சொன்னாள்.

கொட்டகை என்று பெயர்தானே ஒழிய, அது ஹார்லன் வீட்டுக் கார் நிற்கும் இடம். சுகாதார ஆய்வாளர் வந்து போவார் என்பதற்காகச் சுவரில் வெள்ளைப் பலகை அடித்து, நடுவில் ஒரு நீள எவர்சில்வர் மேஜை போட்டிருந்தான். படகுகள் கொண்டுவரும் நண்டை முதல் நாள் சாயங்காலமே ஆவியில் வேகவைத்து ஆறவிட்டுவிடுவான். காலை ஐந்தரை மணிக்குப் பெண்கள் தலையில் வலைத்தொப்பியும் முன்னால் ரப்பர் ஏப்ரனும் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தால், நடுவே ரொட்டி தின்ன எழும் பத்து நிமிஷம் போக, பகல் ஒன்றரைக்குத்தான் முதுகை நிமிர்த்துவார்கள். நண்டின் காலை ஒடிக்க வேண்டும், கத்திப் பிடியால் ஒரு தட்டுத் தட்டிச் சதையை முழுசாக உருவ வேண்டும், ஓட்டுச்சில்லு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து அரைப் பவுண்டு டப்பாவில் அடைக்க வேண்டும். கூலி எடைக்கு. அதனால் கை நின்றால்தான் நஷ்டம். வாய்க்கு அங்கே ஒரு தடையும் கிடையாது.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியவே மாட்டேங்குது," என்று தொடங்குவாள் லுவான். "நீ படிச்ச அதே காலேஜு, அதே ஆர்ட்ஸ் படிப்பு. படிச்சவங்க எல்லாம் வருஷத்துக்கு முப்பத்தோராயிரம் டாலர் வாங்கறாங்க. நீ மட்டும் ஏன்டி எம் பக்கத்துல உக்காந்து கால் ஒடிச்சிட்டிருக்கே?"

"வேலை கெடைக்கல."

"தேடினியா?"

"தேடினேன்."

"எங்க தேடினே? சோபாவுக்கு அடியிலயா?"

மேஜை சிரிக்கும். ட்ரூடியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த நண்டை எடுப்பாள்.

"உன்ன சொல்லிக் குத்தமில்ல. உனக்குப் படிக்கத் தெரிஞ்சுது, பொழைக்கத் தெரியல," என்பாள் லுவான். "நானும் அங்க படிக்கப் போறேன் பாரு. நான் உன்ன மாதிரி அந்தச் சர்டிபிகேட்ட அலமாரிக்குள்ள போட்டு வெக்க மாட்டேன்."

லுவான் கெட்டவள் இல்லை. வாய்தான் அப்படி. முப்பத்தாறு வயது. போன அக்டோபரில் அவள் புருஷன் புளோரிடாவுக்கு வேலை தேடிப் போனவன், வேலையோடு ஒரு பெண்ணையும் தேடிக்கொண்டான். வாடகை கட்ட முடியாமல் இரண்டு பெட்டியோடும் ஒரு மைக்ரோவேவ் அடுப்போடும் அண்ணன் வெண்டல் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்கட்டு அறையில், ட்ரூடியின் பழைய பாடப்புத்தகங்கள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் அவளுக்குப் படுக்கை. குளிர்காலம் முழுக்க அந்தப் புத்தகங்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவளுக்கு ஏப்ரலில் ஆசை வந்துவிட்டது. ட்ரூடி படித்த ஸ்ப்ரூஸ் ரிவர் சமுதாயக் கல்லூரிக்குத் தானே போன் போட்டுக் கேட்டாள். ஒரு வாரத்தில் வழவழப்பான தாள் ஒன்று தபாலில் வந்தது. அதைக் கொண்டுபோய்க் குளிர்பெட்டிக் கதவில், நண்டு பொம்மை வைத்த காந்தத்தால் ஒட்டினாள்.

தாளில் இரண்டே கணக்கு. இரண்டு வருடக் கலைப் பட்டத்துக்குச் சராசரிக் கடன் பதினாறாயிரம் டாலர். படித்து முடித்தவர்களின் சராசரி ஆண்டு வருமானம் முப்பத்தோராயிரம். பக்கத்தில், பட்டத்தொப்பி போட்ட பெண் ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இப்ப வாங்கறது பத்தொம்பது. அது முப்பத்தொண்ணு ஆனா பன்னெண்டு மிச்சம். ஒண்ணரை வருஷத்துல கடன் காலி. அப்புறம் வர்றதெல்லாம் என் காசு," என்று லுவான் குளிர்பெட்டி முன்னால் நின்று விரல் விட்டுச் சொன்னாள். வெண்டலுக்குக் கணக்குப் பிடித்திருந்தது. அவன் அதிகம் பேசாதவன். சேற்றில் குனிந்து குனிந்து மட்டி தோண்டியே நாற்பத்தொன்றில் முதுகு வளைந்துபோனவன். "நல்ல கணக்காத்தான் இருக்கு," என்றான். பிறகு ட்ரூடியைப் பார்த்தான். மாதாமாதம் அவள் கடனுக்கு நூற்றெழுபது டாலர் கட்டுகிறவன் அவன். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. வீட்டில் ட்ரூடியைத் தவிர யாரும் அதைப் படிக்கவில்லை. 'பதில் அளித்தவர்கள்: நால்வர்.'

அதைப் படித்தபோது அவள் கையில் பால் டப்பா இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தாள். நால்வரில் ஒருத்தி அவள்.

நடந்தது இதுதான். முந்தின நவம்பரில் ஒரு நாள், வேலைக்கு நடுவே, ஹார்லன் வீட்டு வாசலில் நின்ற தன் டிரக்குக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுத்தால் மிசஸ் ஹாஸ்கல். கல்லூரியில் அவளுக்கு ஆங்கிலம் எடுத்தவர். மட்டி தோண்டும் பெண்களைப் பற்றி ட்ரூடி எழுதிய கட்டுரையை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்துக் காட்டி, வாசித்து முடித்தபின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர். ட்ரூடியின் முப்பத்தொன்பது வருட வாழ்க்கையில் அவள் செய்த ஒன்றைப் பார்த்துக் கண் கலங்கினவர் வேறு யாரும் இல்லை.

"ட்ரூடி! எங்கம்மா இருக்கே இப்போ? என்ன பண்றே?"

ரப்பர் ஏப்ரன் மடியில் கிடந்தது. விரல் இடுக்கிலெல்லாம் நண்டு நாற்றம். எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாத நாற்றம். "பாங்கோர் சிட்டில இருக்கேன் மிசஸ் ஹாஸ்கல்," என்றாள். "இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல."

"அப்படியா! காலேஜுல ஒரு கணக்குக் கேக்கறாங்க, பழைய பிள்ளைகள் என்ன சம்பாதிக்கிறாங்கனு. இஷ்டம் இருந்தா சொல்லு."

"அம்பத்திரெண்டாயிரம்."

வாயில் வந்த எண் அது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்குத் தெரியும். எனக்கு அப்பவே தெரியும்," என்று இரண்டு தரம் சொன்னார் மிசஸ் ஹாஸ்கல். குரல் தழுதழுத்தது. அன்று சாயங்காலம்வரை ட்ரூடி சந்தோஷமாகவே இருந்தாள் என்பதுதான் வெட்கக்கேடு. ஐம்பத்திரண்டாயிரம் வாங்குகிறவள் போலவே நண்டு உடைத்தாள்.

ஆனால் அந்த எண் ஒரு தாளில் ஏறும், தாள் தன் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவுக்கே வந்து சேரும் என்று யார் நினைத்தது? சராசரி போடக் கற்றுக்கொடுத்ததும் அதே கல்லூரிதான். மின்சார பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். முப்பத்தொன்றை நாலால் பெருக்கினால் நூற்றிருபத்துநாலு. அதில் அவள் பொய் ஐம்பத்திரண்டு போனால் மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து எழுபத்திரண்டு. அவள் வாங்குகிற பத்தொன்பதைக் கூட்டி நாலால் வகுத்தால் இருபத்திரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. லுவானுக்குப் பன்னிரண்டாயிரம் மிச்சம் இல்லை, நாலாயிரம்கூட இல்லை. அதற்குப் பதினாறாயிரம் கடன், வட்டி தனி, இரண்டு வருடக் கூலியும் போச்சு. பில்லைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லுவான் வேலைக்கள்ளி என்றாள், பொறுத்துக்கொண்டாள். தன் பொய்யையே எடுத்துத் தன்னை அடிக்கிறாளே என்று ஒரு நாள் கழிப்பறைக்குள் போய் அழுதாள். வெளியே வந்து இன்னும் பதினாறு டப்பா அடைத்தாள்.

மே கடைசி வாரம் வெள்ளிக்கிழமை. வெளியே கருப்பு ஈ மொய்க்கிற காலம் என்பதால் சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ட்ரூடி சுருள் பெரணிக் கீரையை வேகவைத்து வினிகர் தெளித்து, காட் என்கிற கடல்மீனைப் பொரித்து வைத்திருந்தாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"நாளைக்கு பீன்ஸ் விருந்துக்கு மிசஸ் ஹாஸ்கல் வர்றாங்களாம்," என்றாள் லுவான். "தீயணைப்புக் கூடத்துல காலேஜுக்கு ஒரு மேஜை போட்டுத் தராங்க. அங்கேயே கடன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடலாம்னு சொல்லிட்டாங்க. ஹார்லன்கிட்டயும் சொல்லிட்டேன், செப்டம்பர்ல போயிடுவேன், ஜூன்லயே வேற ஆளப் பழக்கிக்கோன்னு."

ட்ரூடி எடுத்த மீனைத் தட்டிலேயே வைத்தாள். "அவசரம் எதுக்கு? ஒரு வருஷம் பொறுத்துப் பாரேன்."

"எதுக்குப் பொறுக்கணும்?"

"அந்தத் தாள்ல இருக்கறத எல்லாம் அப்படியே நம்பிட முடியாது லுவான்."

"அச்சடிச்சு வந்திருக்கு. உன் வாயைவிட அது மேல."

"நான் படிச்சவ சொல்றேன். அந்தக் காசு வராது."

லுவான் கரண்டியை வைத்தாள். "உனக்கு வரல. அதனால எனக்கும் வரக்கூடாது, இல்ல? வெண்டல், கேட்டியா உம் பொண்டாட்டி பேச்ச?"

"நான் கெடுதலுக்குச் சொல்லல."

"பின்ன எதுக்குச் சொல்றே? பாஸ் பண்ணி அஞ்சு வருஷம் ஆச்சு. எங்கண்ணன் முதுகு ஒடிய உன் கடனக் கட்டறான். நான் போயி சம்பாதிச்சுக் காட்டிட்டா உன் மொகத்த எங்க வெச்சுக்குவே? அதானே பயம்?"

"லுவான், போதும்," என்றான் வெண்டல். கொஞ்சம் கீரையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு யாரையும் பார்க்காமல், "அவ போகட்டும் ட்ரூடி. ஒருத்திக்கு அமையாதது இன்னொருத்திக்கு அமையலாம்," என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

சொல்ல வாய் திறந்தாள். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்தான் என்ற ஒரு வரிதான். ஆனால் லுவான் தாளைக் கதவிலிருந்து எடுத்து மடித்துப் பைக்குள் வைப்பதைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. வேலைக்கள்ளி என்ற பெயரோடு எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருந்துவிடலாம் போலிருந்தது. பொய்க்காரி என்ற பெயரோடு ஒரு நாள் இருக்க முடியாது என்று தோன்றியது.

சனிக்கிழமை பீன்ஸ் விருந்து அந்த ஊரில் மாதம் ஒரு தரம். நாலரை மணிக்கெல்லாம் தீயணைப்பு வண்டிகளை வெளியே நகர்த்திவிட்டு உள்ளே நீள நீளமாக மேஜை போடுவார்கள். இரண்டு தினுசு பீன்ஸ், உப்புப் பன்றித் துண்டும் கருப்பு வெல்லப் பாகும் போட்டு முதல் நாளே அடுப்பில் ஏற்றியது. சிவப்புத் தோல் சாசேஜ், முட்டைக்கோஸ் சாலட், பழுப்பு ரொட்டி. ஆளுக்கு ஒன்பது டாலர். பீன்ஸுக்கும், மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட 'பை' என்ற இனிப்புக்கும் நடுவில் அறிவிப்பு நேரம். ஹார்லன் எழுந்து கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டுவான். யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ எழுந்து சொல்லலாம். நாய் காணோம், படகு விற்பனைக்கு, தேவாலயக் கூரை ஒழுகுகிறது, எதுவானாலும். அறிவிப்பு முடியாமல் பை வெட்ட மாட்டார்கள். அதனால் நீட்டி முழக்குகிறவர்களை ஊர் மன்னிக்காது.

கல்லூரி மேஜை பை மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மிசஸ் ஹாஸ்கல் முன்னைவிட மெலிந்திருந்தார். உடம்பில் இன்னும் குளிர்காலக் கோட்டுதான் இருந்தது. ட்ரூடி தூண் பக்கமாக ஒதுங்கி உட்காரப் பார்த்தாள். முடியவில்லை.

"ட்ரூடி!" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார். வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஊருக்கு வந்திருக்கியா? லீவா?"

"ஆமா... வந்தேன்," என்றாள் ட்ரூடி.

"உன்னப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். பேரு சொல்லல, பயப்படாதே. என் மாணவி ஒருத்தி எங்கயோ போயிட்டானு மட்டும் சொல்வேன்."

அவர் கைக்குள் இருந்த தன் கையிலிருந்து நண்டு வாடை அவருக்கு அடிக்கிறதா என்பது ஒன்றுதான் அப்போது ட்ரூடிக்கு நினைப்பு. கையை உருவிக்கொண்டாள். மிசஸ் ஹாஸ்கல் மேஜைக்குத் திரும்பிப் போனார். அங்கே லுவான் ஏற்கெனவே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பேரும் முகவரியும் எழுதிக்கொண்டிருந்தாள். நிதானமாக, பெரிய பெரிய எழுத்தாக.

ட்ரூடி தட்டில் இருந்த பீன்ஸைப் பார்த்தாள். எதிரில் வெண்டல் தின்றுகொண்டிருந்தான். கூடத்தில் எண்பது பேர் இருப்பார்கள். எண்பது பேருக்கும் அவளைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

ஹார்லன் டம்ளரைத் தட்டினான். "சொல்றவங்க சொல்லலாம். சுருக்கமா. ருபார்ப் பை பதினொண்ணுதான் இருக்கு."

யாரோ ஒருத்தி ஞாயிறுப் பள்ளிக்குப் பழைய நாற்காலி கேட்டாள். அடுத்து யாரும் எழவில்லை. லுவான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

ட்ரூடி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்துவதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"நான் ட்ரூடி டோர்," என்றாள்.

"தெரியும், சொல்லு," என்றது ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள்.

"காலேஜ் மேஜையில ஒரு தாள் இருக்கு. அந்த ஆர்ட்ஸ் படிப்புப் படிச்சா முப்பத்தோராயிரம் வரும்னு போட்டிருக்கு. அது பொய். காலேஜ் சொன்ன பொய் இல்ல. நான் சொன்னது." நிறுத்தினால் பிறகு வராது என்று வேகமாகச் சொன்னாள். "நாலு பேரக் கேட்டு அந்தக் கணக்குப் போட்டாங்க. அதுல நான் ஒருத்தி. அம்பத்திரெண்டாயிரம் வாங்கறேன்னு போன்ல சொன்னேன். பாங்கோர்ல ஆபீஸ்ல இருக்கேன்னு சொன்னேன். நான் எங்க இருக்கேன்னு உங்களுக்கே தெரியும். போன வருஷம் நண்டு உடைச்சதும் கிறிஸ்துமஸுக்கு வாசல்ல மாட்டற தழை வளையம் கட்டினதும் சேத்து பத்தொம்பதாயிரம் வாங்கினேன். கடன் இன்னும் பதினோராயிரம் இருக்கு. என்னால அந்தச் சராசரி எட்டாயிரம் ஏறிப்போச்சு. கையெழுத்துப் போடறவங்க அதத் தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள். வெண்டல் கரண்டியை வாய்க்கு அருகே பிடித்தபடி அப்படியே இருந்தான். கூடத்தில் ஒருவர் இருமினார். ஹார்லன் டம்ளரைப் பார்த்தான், கூடத்தைப் பார்த்தான்.

"வேற யாருக்காவது ஏதாவது?"

"எங்கிட்ட நாலு கட்டு விறகு இருக்கு," என்றார் பின்வரிசைக் கிழவர் ஒருவர். "காஞ்ச மேப்பிள். வந்து ஏத்திக்கணும்."

பை வெட்ட ஆரம்பித்தார்கள். அதுதான் ஊர். பேசுவதை நாளைக்குப் பேசும்.

வெண்டல் கரண்டியைத் தட்டில் வைத்தான். "தேடினேன்னு சொன்னியே. நெஜமாவே தேடினியா?" என்றான்.

"நாப்பத்தேழு எடத்துல."

"எங்கிட்ட சொல்லல."

"எத்தனை தடவை இல்லனு வந்து சொல்றது வெண்டல்?"

விழுந்தபோது கோணிப்போன அவள் நாற்காலியின் கால் ஆடியது. வெண்டல் மேஜைக்கடியில் தன் பூட்ஸை நீட்டி அதற்கு முட்டுக் கொடுத்தான்.

லுவான் வந்தாள். பேனா இன்னும் கையில் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"ஒரு மாசமா உன்ன வேலைக்கள்ளினு சொல்றேன். ஊரே சிரிக்க வெச்சேன். ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்ல முடியல."

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஹார்லன் உனக்குக் கூலி எண்ணிக் குடுக்கறத எங் கண்ணால பாக்கறேன். பாத்துட்டு வந்து, வீட்டுல அந்தத் தாள நம்பினேன். என்னப் பைத்தியக்காரி ஆக்கிட்டியேடி."

"அப்படி நெனச்சு..."

"வாய மூடு." லுவானின் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. "எழுந்திரு. வா என்கூட."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கல்லூரி மேஜை முன் நிறுத்தினாள். மிசஸ் ஹாஸ்கல் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கினதையே மறுபடி அடுக்கினார். நிமிர்ந்து ட்ரூடியைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் ட்ரூடிக்குத் தேவலை என்றிருந்திருக்கும். கோபம் இல்லை.

"ஏம்மா எங்கிட்ட அப்படிச் சொன்னே?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

"நான் அத எழுதறப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

லுவான் குறுக்கே வந்தாள். "மிச்சம் மூணு பேராவது உண்மையச் சொன்னாங்களா?"

"தெரியாதும்மா. கேட்டேன், சொன்னாங்க, எழுதிக்கிட்டேன்."

"சரி. நீங்களும் இதத்தான படிச்சீங்க? இதுக்கு மேலயும் படிச்சிருப்பீங்க."

"அதுக்கு மேல ஆறு வருஷம்."

"உங்களுக்கு எவ்வளவு தராங்க?"

"லுவான்!" என்றாள் ட்ரூடி. அந்த ஊரில் ஒருவரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மிசஸ் ஹாஸ்கல் கோட்டின் மேல்பொத்தானைப் பிடித்துக்கொண்டார். பொத்தான் வேறு நிற நூலில் தைத்திருந்ததை ட்ரூடி அப்போதுதான் கவனித்தாள்.

"நான் நிரந்தர வேலையில இல்ல," என்றார் மெதுவாக. "ஒரு பாடத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. ரெண்டாயிரத்து அறுநூறு. வருஷத்துக்கு ஏழு பாடம் குடுப்பாங்க."

லுவான் விரல் விட்டாள். பாதியில் நிறுத்திவிட்டாள். ட்ரூடிக்கு விரல் வேண்டியிருக்கவில்லை. பதினெட்டாயிரத்து இருநூறு. தன்னைவிட எண்ணூறு டாலர் குறைவு. எந்தப் பெண்மணி மனம் நோகக்கூடாது என்று ஐம்பத்திரண்டாயிரம் சொன்னாளோ, அந்தப் பெண்மணி தன்னைவிட எண்ணூறு டாலர் குறைவாக வாங்கிக்கொண்டு அதைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறார்.

"என் கடனும் இன்னும் முடியல," என்றார் மிசஸ் ஹாஸ்கல். "இத யாரும் எங்கிட்ட கேட்டதில்ல. கேட்டிருந்தா நானும் என்ன சொல்லியிருப்பேனோ."

லுவான் கடன் படிவத்தை எடுத்தாள். பேர் எழுதிய பக்கத்தை உள்பக்கமாக மடித்தாள். கிழிக்கவில்லை, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். அவள் கோபம் போக இடமில்லாமல் நின்றது. அந்த மெலிந்த அம்மாளிடம் அதைக் கொட்ட முடியாது. கடைசியில் வழக்கமான வாயே துணைக்கு வந்தது.

"அப்போ ஜூன், ஜூலை, ஆகஸ்ட்? காலேஜு மூடியிருக்குமே. அப்போ என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் வராது. சமாளிச்சுக்குவேன்."

"ஹார்லன் கொட்டகையில ஒரு ஸ்டூல் காலியா இருக்கு," என்றாள் லுவான். "எனக்குப் பதிலா வர்ற ஆளுக்குன்னு போட்டு வெச்சிருக்கான். நான் போகல. அது சும்மாத்தான் கெடக்கும்."

குத்தலாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்போது குத்தல் போய்விட்டிருந்தது. மிசஸ் ஹாஸ்கல் சிரிப்பார், அல்லது முகம் சிவந்து எழுந்து போவார் என்று ட்ரூடி நினைத்தாள். இரண்டும் இல்லை. பை மேஜைப் பக்கம் யாராவது கேட்கிறார்களா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, லுவானிடம் கேட்காமல் ட்ரூடியின் பக்கம் சாய்ந்து, பாடத்தில் சந்தேகம் கேட்கிற பிள்ளையைப் போலத் தணிந்த குரலில் கேட்டார்.

"பவுண்டுக்கு எவ்வளவு தருவாங்க?"

ட்ரூடியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூடி வைத்திருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மூணே முக்கால் டாலர், மிசஸ் ஹாஸ்கல். ஆனா மொத மாசம் கை ஓடாது. ஒரு நாளைக்கு எட்டுப் பவுண்டு எடுத்தாலே பெரிசு. அதையும் சேத்துக் கணக்குப் போட்டுக்குங்க."